தொடர்களில் வரும் துயரம்: எது தேவை, எது வியாபாரம்?

சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்தும் நேரத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தொலைக்காட்சித் தொடர்களில் வந்து நிற்கிறது. "ஒரே அழுகை, அடி, விஷம், ஆள் கடத்தல்! விளக்கு வைக்கிற நேரத்தில் பார்க்கக்கூடியதா இது?" என்பது ஒரு சாராரின் கேள்வி. "நாட்டில் நடக்காததையா காட்டிவிட்டார்கள்?" என்பது மறு சாராரின் பதில். 1984-ல் டில்லிக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்தித் தொடர்களையும், பின்னர் தமிழ்த் தொடர்களையும் பார்த்து வருபவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். துயரத்தைக் காட்டுவது தவறில்லை. காட்டிய துயரத்துக்குப் பிறகு கதை எந்த வழியில் போகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஏன் இத்தனை அழுகை?

இத்தகைய தொடர்களுக்கு ஆங்கிலத்தில் 'சோப் ஆபெரா' என்று பெயர். 1930-களில் அமெரிக்க வானொலியில், பகல் வேளையில் இல்லத்தரசிகளுக்காக ஒலிபரப்பான தொடர் நாடகங்களுக்கு சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்தன. அதனால் வந்த பெயர் அது. சோப்பு போய் மற்ற பொருள்கள் வந்தாலும் ஏற்பாடு மாறவில்லை. நாம் கதைக்காக உட்காருகிறோம். நாம் உட்கார்ந்திருப்பதற்காக விளம்பரதாரர் பணம் கொடுக்கிறார்.

திரைப்படம் என்றால் இரண்டரை மணி நேரத்தில் ஒரு முடிவு வந்துவிடும். தினசரித் தொடருக்கு முடிவு வராமல் இருப்பதுதான் இலாபம். கதாநாயகி சந்தோஷமாக இருந்துவிட்டால் மறுநாள் சொல்வதற்கு விஷயம் இல்லை. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கதை ஓடுகிறது. அதற்குள் ஒரு சண்டை, கடைசி நொடியில் ஓர் அதிர்ச்சி, பிறகு 'தொடரும்'. இதற்கு மேல் வாராந்திரக் கணக்கு வேறு இருக்கிறது. சில பத்தாயிரம் வீடுகளில் கருவி பொருத்தி, எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று 'பார்க்' என்ற அமைப்பு 2015 முதல் அளந்து வருகிறது. புள்ளி இறங்கினால் கதையில் யாருக்காவது ஒரு கஷ்டம் வந்து சேருகிறது.

'ஹம் லோக்' கற்றுத் தந்தது

துயரத்தை நல்ல நோக்கத்தோடு காட்டிய முயற்சியும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1984 ஜூலை 7-ஆம் தேதி தூர்தர்ஷனில் தொடங்கி, 1985 டிசம்பர் வரை வந்த 'ஹம் லோக்' அது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது. மெக்சிகோவில் மிகேல் சாபிதோ என்பவர் வகுத்த முறை அதற்கு முன்மாதிரி. நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர், இரண்டுக்கும் நடுவே ஊசலாடும் ஒருவர் என்று பாத்திரங்களைப் படைத்து, அவரவர் செய்கைக்கு ஏற்ற பலனைக் கதையிலேயே காட்டுவது அந்த முறையின் சாரம். இருள் உண்டு, ஆனால் அதற்கு ஒரு கணக்கும் உண்டு.

குடிகாரரான பசேசர் ராம், அவர் கொடுமையை வாய்திறவாமல் தாங்கும் மனைவி பகவந்தி, சினிமா ஆசையில் பம்பாய் போய்ச் சீரழியும் மகள் மஜ்லி: இவர்களை டில்லியில் எங்கள் தெருவே தன் வீட்டு மனிதர்களாக நினைத்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்ததைப் பற்றி நேயர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அவருக்கு வந்த கடிதங்கள் நான்கு லட்சம்!

இந்தத் தொடரின் தாக்கத்தை அரவிந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. இப்படி அடங்கிக் கிடக்காதீர்கள் என்று எச்சரிக்கவே பகவந்தி பாத்திரம் படைக்கப்பட்டது. நேயர்களில் பலரோ அவளையே உத்தமமான இந்தியப் பெண்ணாக, பின்பற்ற வேண்டிய மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். தொடர் ஒன்றைச் சொன்னால், பார்ப்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்ளக் கூடும். துயரக் காட்சிகளில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

வேலைக்கு வந்த பெண்மணி சொன்னது

2008-ல் கலர்ஸ் சேனலில் தொடங்கிய 'பாலிகா வது' குழந்தைத் திருமணத்தைப் பற்றியது. அது குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கிறது என்று 2009-ல் நாடாளுமன்றத்திலேயே சரத் யாதவ் எதிர்ப்புத் தெரிவித்தார். நான் அந்தக் கட்சி இல்லை. பொம்மையோடு விளையாட வேண்டிய ஆனந்தி மணப்பெண்ணாக உட்கார்ந்ததைப் பார்த்து எத்தனையோ வீடுகளில் வாதம் நடந்தது, அது நல்லதுதான்.

என்னை உறுத்தியது வேறு. அந்தத் தொடரில் கேஹனா என்ற ஏழைப் பெண்ணைப் பல வயது மூத்த பசந்துக்குக் கட்டி வைக்கிறார்கள். அவளுக்கு விருப்பமில்லை, அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. கொடுமை நடந்து பல நாட்களுக்குப் பிறகு பசந்த் திருந்தி நல்ல கணவனாகிறான். இருவரும் இணைந்து வாழ்கிறார்கள். அப்போது எங்கள் வீட்டில் வேலை செய்த உத்தரப்பிரதேசப் பெண்மணி, காய் நறுக்கிக்கொண்டே இதைப் பார்ப்பாள். பசந்த் திருந்திய கட்டம் வந்தபோது அவள் சொன்னாள்: "தீதி, இவன் திருந்தியதை என் மாமியாரும் பார்த்துக்கொண்டிருப்பாள். இனி நான் வாயைத் திறந்தால், 'பொறுத்துப் போ, உன் புருஷனும் திருந்துவான்' என்று இதைக் காட்டியே சொல்வாள்."

அவள் சொன்னதைப் பெரிதுபடுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்று கருதிய பெண்கள் 45 சதவீதம். ஆண்கள் 44 சதவீதம். இத்தகைய மனநிலை உள்ள நாட்டில், 'பொறுத்தாள், வென்றாள்' என்று முடியும் கதை வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

தமிழ்த் தொடர்களும் விலக்கல்ல. 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்த 'மெட்டி ஒலி'யை மறக்க முடியுமா? ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக, பெயரிலேயே நம் ஊரைத் தாங்கிய டில்லி குமார் நடித்தார். இரண்டாவது மகள் சரோ மாமியார் வீட்டில் படும் பாட்டைப் பார்த்துக் கண் கலங்காத வீடு இல்லை. ஒரு தகப்பனின் தவிப்பை அந்தத் தொடர் உண்மையாகவே காட்டியது. ஆனால் 2020 ஊரடங்கின்போது மறு ஒளிபரப்பில் பார்க்கையில் எனக்கு எழுந்த கேள்வி, "இவள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?" என்பதுதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. 181 என்ற உதவி எண் இருக்கிறது. வருடக்கணக்காக அடி வாங்கும் நம் கதாநாயகிகளுக்கு அந்த எண்ணை யாராவது ஒருவர் சொல்லக் கூடாதா?

நாம் என்ன செய்யலாம்?

ஒரு தொடரைப் பார்க்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். கொடுமை செய்தவருக்கு அதன் விளைவு உண்டா? கொடுமைக்கு ஆளானவருக்குப் பொறுமையைத் தவிர வேறு வழி காட்டப்படுகிறதா? அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதை குறைபடுமா, அல்லது 'தொடரும்' போடுவதற்காக மட்டும் வந்ததா? மூன்றுக்கும் 'இல்லை' என்ற பதில் வந்தால் எழுந்துபோய் வேறு வேலையைப் பார்க்கிறேன்.

நேயருக்கு இருக்கும் பலத்தையும் நாம் குறைவாக எண்ண வேண்டியதில்லை. 'க்யோங்கி சாஸ் பீ கபீ பஹு தீ' தொடரில் மிஹிர் இறந்ததாகக் காட்டியபோது எழுந்த கொந்தளிப்பில், இறந்தவரையே உயிரோடு கொண்டுவந்தார்கள்! ஒரு நாயகனை மீட்கக் குரல் கொடுத்த நாம், ஒரு பெண் அடி வாங்குவதைக் கண்டிக்கவும் குரல் கொடுக்கலாம்.

அதற்கு வழி உண்டு. 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, ஒவ்வொரு சேனலும் புகார்களைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் தெரிவித்து, 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கும் மேலே மத்திய அரசுக்கும் போகலாம். தொடரின் பெயர், தேதி, நேரம், எந்தக் காட்சி, ஏன் ஆட்சேபணை என்று தெளிவாக எழுதினால் போதும்.

எழுத நேரமில்லாதவர்கள் வீட்டிலாவது பேசலாம். கொடுமைக் காட்சி வரும்போது சேனலை மாற்றிவிடாமல், பக்கத்தில் இருக்கும் மகளிடமும் மருமகளிடமும், முக்கியமாக மகனிடமும், "இந்தப் பெண் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். 'ஹம் லோக்'கின் முடிவில் அசோக் குமார் செய்த வேலையை இப்போதைய தொடர்களில் செய்ய ஆள் இல்லை. அந்த இரண்டு வார்த்தையை நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.