பாறை வளர்த்த மரம்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், இடோயிகாவா நகருக்கு அருகே மியோஜோ என்னும் சுண்ணாம்புப்பாறை மலை செங்குத்தாக நிற்கிறது. அதன் வெடிப்புகளில் ஷிம்பாகு என்னும் ஜூனிபர் மரங்கள், நூற்றாண்டு கடந்தும் ஆள் உயரம் எட்டாமல் முறுக்கேறிக் கிடந்தன. போன்சாய்க்காக அவற்றைப் பெயர்த்தெடுக்க ஆட்கள் கயிற்றில் தொங்கினார்கள். சிலர் விழுந்து மாண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கைக்கு எட்டிய நல்ல மரங்கள் ஏறக்குறையத் தீர்ந்துபோயின. காட்டுச் செடியைப் பெயர்த்து வளர்க்கும் இந்த முறைக்கு ‘யமடோரி’ என்று பெயர். ஷிம்பாகுவோ குச்சி நட்டால் வேர்விடும் இனம். அப்படிப்பட்ட செடி தீர்ந்துபோவது எப்படி? தீர்ந்தது இனமல்ல, பாறையும் பனியும் அதன்மேல் நூறாண்டு செய்துவைத்திருந்த வேலை. அந்த வகையில் யமடோரி, உழவைவிடச் சுரங்கத் தொழிலுக்கே நெருக்கமானது.

அந்த வேலை என்ன என்று பார்க்கலாம். மரத்தின் நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளரூக்கி, கீழே உள்ள மொட்டுகளை அடக்கிவைக்கிறது. பனிப்பாரம் நுனியை ஒடித்ததும் அவை விழித்துக் கிளைக்கின்றன; பனி ஆண்டுதோறும் கவாத்து செய்கிறது என்றே சொல்லலாம். தண்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அதன் நீட்சி குறைகிறது என்று தாவர ஆய்வாளர் மார்க் ஜாஃபி 1973-இல் காட்டினார்; ஓயாத மலைக்காற்றும் அதையே செய்கிறது. ஜூனிபரில் ஒரு வேர் பெரும்பாலும் தனக்கு நேர்மேலே உள்ள கிளைக்கே நீர் ஊட்டும். அந்த வேர் செத்தால் தண்டில் அந்தப் பட்டை மட்டும் காய்ந்து, பிசின் ஏறிய கட்டையாக உளுக்காமல் வெளுத்து நிற்கும். பக்கத்தில் உயிருள்ள பட்டை கயிறுபோல் ஓடும். இப்படிக் குறுகி நிற்கும் மரம் நெடுங்காலம் வாழவும் கூடும்: கனடாவில் நயாகரா பாறைச்சரிவின் குள்ளமான வெள்ளை சீடார்களை ஆராய்ந்த டக்ளஸ் லார்சன் குழுவினர், ஆயிரம் ஆண்டு கடந்த மரங்களையும் கண்டார்கள்.

குட்டையாக இருப்பது இந்தப் பாறை மரங்களின் பிறவிக்குணமாக இருக்கக்கூடாதா? நியாயமான கேள்வி. கிளாசன், கெக், ஹைஸி என்ற தாவர ஆய்வாளர்கள் மூவர், கலிபோர்னியாவில் கடல்மட்டத்தை ஒட்டியும் சுமார் 3,000 மீட்டர் உயரத்திலும் தோட்டங்கள் அமைத்து, வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்த ஒரே வகைச் செடிகளை அருகருகே வளர்த்தார்கள். உச்சியிலிருந்து வந்தவை சமவெளியிலும் குட்டையாகவே இருந்தன. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு. இடோயிகாவா ஷிம்பாகுவின் நெருக்கமான இலைகள் அதன் குச்சிகளிலும் அப்படியே வருகின்றன. ஆனால் அதே குச்சியைத் தோட்ட மண்ணில் நட்டால் தண்டு முறுக்கின்றி விறுவிறுவென்று வளர்கிறது. முறுக்கு வேண்டுமென்றால் கம்பி சுற்றத்தான் வேண்டும். இலையின் சாயலைக் குச்சி சுமந்து வரும், தண்டின் வரலாற்றைச் சுமக்காது.

கம்பியும் உளியும் கொண்டு அந்த வரலாற்றைப் போலியாகச் செய்துவிடலாமே என்பது அடுத்த கேள்வி. பெருமளவுக்குச் செய்யலாம். தகமாட்சு நகரின் கினாஷி, கொக்குபுஞ்சி பகுதிகளில் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பைன்களைப் பெயர்த்துத்தான் போன்சாய்த் தொழில் தொடங்கியது. இன்று அவை வயல்களில் வளர்க்கப்படுகின்றன. ஜப்பானின் பைன் போன்சாய்களில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. போன்சாய்க் கலைக்குக் காட்டை நம்பியிருக்கும் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வயலால் தர முடியாதது முதுமை ஒன்றுதான். அதைத் தேடிப் போகிறவர் இழப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் சல்லிவேர்கள். அவை வெடிப்புக்குள் ஆழ ஓடியிருக்கும். பெயர்க்கும்போது அவை அறுந்துவிட, இலைகள் மட்டும் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. வேர் போன ஜூனிபர் செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பிழைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டே இருக்கலாம். நாற்று பட்டுப்போனால் இன்னொன்று நடலாம். இங்கே பட்டுப்போவது நூறாண்டு.

அப்படியானால் காட்டுச் செடியைத் தொடவே கூடாதா? சாலைக்கோ குவாரிக்கோ நாளை வெட்டப்படப்போகும் சரிவில் நிற்கும் புதரை, நிலத்துக்குரியவரின் அனுமதியோடு, முடிந்த மட்டும் வேர்மண்ணோடு எடுப்பது மீட்பு. அங்கே மாற்று வழி அழிவுதான். பாறையில் நலமாக நிற்கும் மரத்தின் நிலை வேறு. அதற்கு வேண்டியதை இடம் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு குச்சியை மட்டும் எடுத்துவந்தால் இனமும் நம் கைக்கு வரும், நூறாண்டு வேலையும் பாறையில் தொடரும்.