பயிற்சி ஒன்றே போதுமா?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் பழமொழி. அந்த அம்மி எவ்வளவு தூரம் நகரும், எத்தனை ஆண்டில் நகரும், அதற்குள் அடிக்கிற கை என்னவாகும் என்பதை மட்டும் பழமொழி சொல்வதில்லை. சென்ற மாதம் ஒரு மாலை தம்பானூர் நிலையத்தில் என் அலுவல் முடிந்து வெளியே வருகையில், அந்தக் கேள்வியையே நம் சங்கத்து அன்பர் ஒருவர் வேறு வடிவில் என்னிடம் கேட்டார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளாகச் சாலைக் கடைவீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவர். ஒரே மகன், வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். விடியற்காலையிலும் விடுமுறை நாட்களிலும் கவடியார்ப் பகுதியிலுள்ள கோல்ப் மைதானத்திற்குச் சென்று, ஆட வருகிற பெரிய மனிதர்களின் மட்டைப் பையைச் சுமந்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறான். இவ்வேலை செய்வோரை அங்கே ‘கேடி’ என்று அழைப்பார்கள். முதன்முதல் அதைக் கேட்டபோது போலீஸ் புத்தகத்துக் கேடிதான் என் நினைவுக்கு வந்தது. பிறகுதான் அது பை சுமப்பவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று தெரிந்துகொண்டேன்.

“தம்பி, பையன் படிப்பை நிறுத்திவிட்டு இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன் என்கிறான். பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் எதிலும் வல்லவராகிவிடலாமாமே! கைப்பேசியில் யாரோ சொன்னார்களாம். நீங்கள் நாலு விஷயம் படிக்கிறவர்கள். இது மெய்தானா?” என்று கேட்டார்.

“அண்ணாச்சி, ஒரு வாரம் தவணை கொடுங்கள்” என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்தறிந்ததை அவருக்குச் சொன்னேன். பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் அது உதவக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

முதலில் இவ்வாட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நாலே கால் அங்குல அகலமுள்ள குழிக்குள் ஒரு சிறு பந்தை எவ்வளவு குறைந்த அடிகளில் சேர்க்கலாம் என்பதே கோல்ப். பதினெட்டுக் குழிகள் சேர்ந்தது ஒரு சுற்று. கவடியாரில் இருப்பவை ஒன்பது குழிகள். இரண்டு முறை சுற்றினால் பதினெட்டாகும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பது ‘பார்’ எனப்படும் கணக்கு. பெரும்பாலும் அது 72 அல்லது அதை ஒட்டிய எண். அக்கணக்கைவிட ஒருவர் ஏறக்குறைய எத்தனை அடி மிகையாக ஆடுகிறார் என்பதைக் காட்டும் எண்ணுக்கு ‘ஹாண்டிகாப்’ என்று பெயர். எண் குறையக் குறைய ஆட்டம் உயரும். கைத்தேர்ச்சியை இப்படி ஒரே எண்ணில் அளந்து காட்டும் ஆட்டம் வேறு அதிகமில்லை. ஆதலால் பயிற்சியின் வலிமையைச் சோதிக்க இது மிகப் பொருத்தமான களம்.

அப்படி ஒரு சோதனையை ஒருவர் தம் உடம்பிலேயே செய்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில் புகைப்படத் தொழில் செய்துவந்த டான் மக்லாக்ளின் என்பவர், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தம் முப்பதாவது வயதில், உத்தியோகத்தை விட்டார். அதுவரை ஒரு முழுச் சுற்றுக்கூட ஆடியறியாதவர் அவர். நாளொன்றுக்கு ஆறு மணி, வாரத்திற்கு ஆறு நாள் என்ற திட்டத்துடன் பத்தாயிரம் மணி நேரம் பழகி, அந்நாட்டின் தலைசிறந்த தொழில்முறைப் பந்தயங்களில் இடம் பெறுவதே அவர் நோக்கம். தொடக்கத்தில் குழிக்கு மிக அருகில் நின்று பந்தை உருட்டி விடுவதை மட்டுமே பழகினார். பிறகு சிறிது சிறிதாகப் பின்வாங்கி, பல மாதங்கள் கழித்தே நீள அடிக்கும் மட்டையைத் தொட்டார். ஆசிரியர், உடற்பயிற்சி, கணக்குப் புத்தகம் எல்லாம் அவரிடம் இருந்தன.

பலன் என்ன? ஏறத்தாழ ஆறாயிரம் மணி நேரத்தில் அவருடைய ஹாண்டிகாப் 2.6 வரை இறங்கியது. பொழுதுபோக்காக ஆடுவோரில் பெரும்பாலோர் வாழ்நாளில் எட்டாத உயரம் அது. ஆயினும் 2015ஆம் ஆண்டு முதுகில் வலி கண்டது. திட்டம் நின்றது. அவர் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்.

2.6க்கும் தொழில்முறைக்கும் இடையே கொஞ்சந்தானே தூரம் என்று நாம் எண்ணலாம். முதல்தரப் பந்தயக்காரர் பார் கணக்கையும் கடந்து நான்கைந்து அடி குறைவாக ஆடும் திறமுடையவர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஏழடி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், நான்கு நாட்கள் நான்கு சுற்றாக நடைபெறும் பந்தயத்தில் அது இருபத்தெட்டு அடியாகிறது. அங்கோ ஓரடி, ஈரடியில் வெற்றி தோல்வி முடிவாகிறது. அடிவாரத்திலிருந்து முக்கால் மலை ஏறுவதைவிட, கடைசிக் கால் பங்கு ஏறுவது கடினம் என்பதே இக்கணக்கின் பொருள்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற மனநூல் அறிஞரும் அவருடைய துணைவர் இருவரும், பெர்லின் நகரத்துச் சங்கீத மாணவர்களை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியே சாதகம் செய்திருந்தனர் என்பது அதில் கண்ட ஒரு செய்தி. 2008ஆம் ஆண்டு மால்கம் கிளாட்வெல் என்ற எழுத்தாளர் தம் நூலில் இதை ஒரு விதிபோல எடுத்துரைக்கவே, உலகமெங்கும் பரவிற்று. சராசரி என்றால் சிலர் மிகுதியாகவும் சிலர் குறைவாகவும் பழகியிருந்தனர் என்பதையும், மணிக்கணக்கைவிடப் பயிலும் முறையே முக்கியம் என்பதையும் எரிக்சனே பின்னர் வற்புறுத்தினார். பிழையை அறிந்து, ஆசிரியர் சொற்படி அந்தப் பிழையை மட்டும் திருத்துவதே அவர் கருதிய பயிற்சி. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வது அன்று.

2014ஆம் ஆண்டு மக்னமாரா முதலிய மூவர் இத்தகைய பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்டனர். விளையாட்டில் ஒருவருக்கொருவர் காணும் வேற்றுமையில் 18 சதவீதத்தையே பயிற்சி நேரத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. 2016ஆம் ஆண்டு வெளியான மற்றொரு கணக்கில், உச்சநிலை வீரர்களுக்குள்ளே அது ஒரு சதவீதமாகச் சுருங்கியது. இதைக் கண்டு, பயிற்சி வீண் என்று யாரும் கொள்ளலாகாது. பரீட்சை மண்டபத்தில் இருப்போர் எல்லோரும் இரவு பகலாகப் படித்தவர்களே என்றால், முதற்பரிசு யாருக்கு என்பதைப் படித்த மணிக்கணக்கு தீர்மானிக்காது. மண்டபத்துக்குள் நுழையவே அந்தப் படிப்பு வேண்டும். முதலிடத்திற்கு வேறு சிலவும் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட அண்ணாச்சியின் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றியது. “அப்படியானால் கூடாது என்று சொல்லிவிடலாம், இல்லையா?” என்றார். அவ்வளவு எளிதில் தீர்ப்புக் கூற எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியது நியாயமல்லவா?

அலி ஷேர் என்பவர் டில்லி கோல்ப் மைதானத்தில் பை சுமந்தவர். 1991ஆம் ஆண்டு அதே டில்லியில் இந்திய ஓபன் பந்தயத்தை வென்றார். 1964இல் தொடங்கிய அப்பந்தயத்தை வென்ற இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் அவரே முதல்வர். 1993இல் மீண்டும் வென்றார். அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. பெங்களூரில் பை சுமந்து ஆட்டம் கற்ற முனியப்பா 2009ஆம் ஆண்டு அதே பந்தயத்தை வென்றார். பிறர் பையைச் சுமந்த தோள்கள் வெற்றிக் கோப்பையையும் ஏந்தியுள்ளன.

வயது கடந்து தொடங்கியவர்களும் உண்டு. அமெரிக்கரான லாரி நெல்சன் வியட்நாம் போரிலிருந்து திரும்பியபின், இருபத்தோராம் வயதில்தான் மட்டையைப் பிடித்தார். 1981, 1983, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகின் முதல்தரப் பந்தயங்களில் வாகை சூடினார். கொரியரான யாங் பத்தொன்பதாம் வயதில் தொடங்கி, 2009இல் டைகர் உட்ஸ் என்னும் மாவீரரையே பின்தள்ளி அத்தகைய ஒரு பந்தயத்தை வென்றார்.

இவர்கள் வென்றவர்கள். ஆகையால் இவர்களுடைய பெயர் நமக்குத் தெரிகிறது. இதே பாடுபட்டு வெல்லாதவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. வென்றவர் கதையை மட்டும் படித்து மகனை அனுப்புவது, பரிசு விழுந்தவரை மட்டும் பார்த்து லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போன்றது.

உச்சியில் நிற்போருக்கும் இவ்வாட்டம் எவ்வளவு கடுமையானது என்பதைப் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கின் வரலாறு காட்டும். ஐந்து வயதில் தொடங்கியவர் அவர். 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயத்தில், நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில், ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். நம் தென்னக ரயில்வேயில் பணிபுரிந்த பி. டி. உஷா 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நூற்றில் ஒரு விநாடியில் பதக்கத்தைத் தவறவிட்டதை மலையாள நாட்டில் வாழும் நாம் அறிவோம். பயிற்சியில் இவர்கள் இருவருக்கும் என்ன குறை?

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பிற்குமேல் நான் படியாததற்குக் கபடி ஒரு காரணம். ஆட்டத்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று நம்பி இரண்டு ஆண்டுகள் காலையும் மாலையும் மண்ணில் புரண்டேன். மணிக்கணக்கில் குறையில்லை. ஆனால் என் பிழை இன்னது என்று சொல்ல ஆசிரியர் எவருமில்லை. நான் முன்னேறுகிறேனா என்று அளந்து பார்த்ததுமில்லை. ஒரு நாள் முழங்கால் பிசகிற்று. அதன்பின் பரீட்சை எழுதி இவ்வேலைக்கு வந்தேன். கபடி ஆடியதற்காக நான் வருந்தவில்லை. திரும்பும் வழியை அடைத்துவிட்டு ஆடியதற்காகவே வருந்துகிறேன்.

ஆகவே மறுநாள் அண்ணாச்சியின் வீட்டிற்குச் சென்று, பையனை முன் வைத்துக்கொண்டே பேசினேன்.

“தம்பி, இதுவரை நீ ஆடிய சுற்றுகளின் கணக்கு இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. ஆனால் நன்றாக ஆடுகிறேன் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள்” என்றான்.

“எல்லோரும் சொல்வது இருக்கட்டும். நாற்பது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. ஆட வாய்க்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை அடி, எந்தக் குழியில் தவறினாய் என்று எழுது. பரீட்சை முடியும்வரை படிப்பை விடாதே. முடிந்தபின் இரண்டு ஆண்டு தவணை. உடம்பையும் ஆட்டத்தையும் அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒரு முறையாவது காட்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அப்பாவும் நீயும் அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் அப்பா தடுக்கக் கூடாது. ஓரிடத்தில் நின்று ஒரு வருஷம் அசையாவிட்டால் நீ பிடிவாதம் பிடிக்கக் கூடாது” என்றேன்.

பணத்தின் கணக்கையும் மறைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தொழில்முறைக் கோல்ப் பந்தயங்களை நடத்திவரும் அமைப்பு உண்டு. அதில் சேரத் தகுதிச் சுற்றுகளில் தேற வேண்டும். சேர்ந்த பின்னும் ஊர் ஊராகச் செல்லும் பயணச் செலவும் தங்கும் செலவும் ஆட்டக்காரருடையவை. பெரும்பாலான பந்தயங்களில் முதல் இரண்டு நாள் கழிந்ததும் பின்தங்கியோர் விலக்கப்படுவர். பரிசுப் பணம் எஞ்சியவர்களுக்கே. மாதச் சம்பளம் என்பது அங்கே இல்லை. பை சுமக்கும் வேலை, மைதானப் பராமரிப்பு, பிறருக்குக் கற்பித்தல் ஆகியவையும் இத்துறையிலே பிழைக்கும் வழிகள்தாம். அவற்றை அற்பமென்று எண்ண வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இரண்டு வருஷத்தில் எண் எவ்வளவு வரவேண்டும் மாமா?” என்று கேட்டான். ஆசையுள்ளவன் எல்லை கேட்க மாட்டான், அளவு தெரிந்து பழகுகிறவனே கேட்பான் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்றுதான் முதன்முறையாக மகனைப் பார்த்துச் சிரித்தார். பயிற்சி எல்லோரையும் தொழில்முறை வீரர் ஆக்குமா என்ற கேள்விக்கு ஆகாது என்பதே விடை. இந்தப் பையனை ஆக்குமா என்பதற்கு விடை எவரிடமும் இல்லை. அந்த நோட்டுப் புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

அன்பர்களே, நம் பிள்ளைகளில் ஒருவன் ஆட்டத்தையும் ஒருத்தி நாட்டியத்தையும் இன்னொருவன் பாட்டையும் கேட்டு நம்மிடம் வருவார்கள். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு அச்சம் எழுவது இயல்பு. உடனே ‘ஆகட்டும்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்வதற்கு முன், ஒரு ஆசிரியரையும் ஒரு தவணையையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் அவர்களுக்குக் கொடுப்போம். திரும்பும் வழியையும் திறந்து வைப்போம்.

நேற்று நிலையத்துக்கு வெளியே அண்ணாச்சியைக் கண்டேன். நோட்டுப் புத்தகத்தில் ஆறு பக்கம் நிரம்பிவிட்டதாம். “எண் இறங்குகிறதா?” என்று கேட்டேன்.

“கணிதத்தில் மார்க்கு ஏறியிருக்கிறது தம்பி. மற்றதை ஆறு மாதம் கழித்துத்தானே பார்க்க வேண்டும்?” என்றார்.