கதவடைத்த நாடுகளும் அட்டை கொடுத்த நாடும்

கொலம்பியாவின் எல்லை நகரான கூகுட்டாவில், வெனிசுலாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் நாட்டுப் பொலிவார் நோட்டுகளை மடித்துப் பின்னிக் கைப்பை செய்து தெருவோரம் விற்றார்கள். நோட்டாக நீட்டினால் ஒரு வாய் சோற்றுக்கும் தேறாத பணம், பையானால் அன்றைய பாட்டைத் தள்ள உதவியது.

வெனிசுலாவை விட்டு வெளியேறியவர்கள் 77 லட்சத்துக்கும் மேல். 2014இல் எண்ணெய் விலை சரிந்தது என்பது பாதிக் காரணம்தான். விலைச் சரிவு எண்ணெய் விற்கும் எல்லா நாடுகளையும் தாக்கியது. வேறு எந்த நாடும் இப்படிக் காலியாகவில்லை. இங்கே அரசு எண்ணெய் நிறுவனம் அதற்கு முன்பே சீரழிந்திருந்தது. பற்றாக்குறையை நோட்டடித்துச் சமாளித்தார்கள். 2018இல் பணவீக்கம் 1,30,000 சதவீதம். சொன்னது அந்நாட்டு மத்திய வங்கியே. எதிர்க்கட்சியினர் மீதான ஒடுக்குமுறையும், பின்னால் வந்த அமெரிக்கத் தடைகளும் மிச்சத்தை முடித்தன.

தொடக்கத்தில் அக்கம்பக்கத்து நாடுகள் தாராளமாகவே வரவேற்றன. ஆனால் 2019இல் பெரு, சிலி, எக்வடோர் மூன்றும் அடுத்தடுத்து விசா கேட்டன. விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். வெனிசுலாவில் அது லஞ்சமும் மாதக்கணக்கான காத்திருப்பும். வந்தவர்கள் நிற்கவில்லை, வழியைத்தான் மாற்றினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பொலிவியா மேட்டுநிலத்தின் குளிரைக் கடந்து சிலிக்குள் நுழைந்தார்கள். பனாமா எல்லையிலுள்ள டேரியன் காட்டை 2023இல் மட்டும் 5.2 லட்சம் பேர் கடந்தனர். பாதிக்கு மேல் வெனிசுலாக்காரர்கள். கெடுபிடியால் லாபம் பார்த்தவர்கள் ஆள்கடத்தும் கும்பல்கள்தாம்.

கொலம்பியா வேறு முடிவெடுத்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் அதன் மக்கள் லட்சக்கணக்கில் வெனிசுலாவில்தான் பிழைத்தார்கள். 2021இல் அதிபர் இவான் டூக்கே, வலதுசாரி, பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பை அறிவித்தார். அதற்கான அட்டை இருந்தால் முறைப்படி வேலை பார்க்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம், மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். "போலீசில் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் முதலாளியிடம் நிமிர்ந்து நிற்கலாம். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்காமல் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் பொறியாளரின் சிக்கலை அட்டை தீர்க்கவில்லை என்பதும் உண்மை.

அட்டையின் ஆயுள் 2031 மே வரை. 2021 ஜனவரி 31க்குப் பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரையின்றி ஆற்றுப் பக்கக் கள்ளப்பாதையில் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.