பதின்மூன்றாம் நம்பர் சட்டை

கல்யாணமாகி 22 வருஷத்தில் ஒன்பது வீடு மாறிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு பாங்க் உத்தியோகம். மூன்று வருஷம் ஆனால் போதும், மாற்றல் உத்தரவு வந்து நிற்கும். மறுபடி அட்டைப்பெட்டி, சணல் கயிறு, டி.சி., புதுப் பால்காரர்... வாசகிகளில் எத்தனை பேர் இப்போது பெருமூச்சு விடுகிறீர்களோ!

இந்தத் தடவை உத்தரவு வந்ததும் பையன் குதித்தான். பத்தாவது படிக்கிறான், பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் இருக்கிறான். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் அப்ரேயு மாதிரி ஊர் ஊரா போங்க. என்னை விட்ருங்க!" என்றான்.

"அது யாருடா அப்ரேயு?" என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியும்மா. நான் கைக்குழந்தையா இருக்கறப்போ ராத்திரி பெனால்டி பார்த்தேன்னு சொல்வியே, அவர்தான்" என்றான்.

ஞாபகம் வந்துவிட்டது. 2010 ஜூலை. இவன் ஐந்து மாதக் குழந்தை. பால் குடித்துவிட்டுத் தூங்காமல் கொட்டக் கொட்ட விழித்திருந்தான். ஹாலில் அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நானும் நின்றேன். ஜோஹன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை கால் இறுதி, உருகுவேயும் கானாவும். நம் கடிகாரத்தில் நடுநிசியில் தொடங்கிய ஆட்டம், முடியும்போது இரண்டரை மணிக்கு மேல்.

கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில் கானாவின் பந்து கோலுக்குள் போகவிருந்தது. உருகுவேயின் சுவாரஸ் கையால் தட்டிவிட்டு சிவப்பு அட்டை வாங்கினார். அதற்குக் கிடைத்த பெனால்டியை கானாவின் ஜியான் கம்பத்தில் அடித்துவிட்டார். பாவம், அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு ஆளுக்கு ஐந்து பெனால்டி. உருகுவேயின் ஐந்தாவது ஆளாக, நீளமுடியோடு நெட்டையாக ஒருத்தர் வந்தார். முதுகில் 13. அடித்துவிட்டால் நாடு அரையிறுதி போகும், 1970-க்குப் பிறகு முதல் தடவையாக. வேகமாக ஓடி வந்தவர் பந்தை உதைக்கவில்லை, மெதுவாகக் கிள்ளிவிட்டார்! கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்துவிட, பந்து நடுவிலே மிதந்து போய் விழுந்தது. எங்க வீட்டுக்காரர் "அடப் பைத்தியக்காரா!" என்று கத்த, கையிலிருந்த குழந்தை வீரிட்டது.

அவருக்குச் சொந்த ஊரிலும் அதுதான் பட்டப்பெயராம். 'எல் லோகோ' என்றால் ஸ்பானிஷில் கிறுக்கன். இப்படிக் கிள்ளிவிடுவதற்கு 'பனென்கா' என்று பெயர். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாகியாவின் பனென்கா முதலில் செய்து காட்டியது. அதே 1976-ல், அக்டோபரில்தான் செபாஸ்டியன் அப்ரேயு பிறந்திருக்கிறார்!

ஊர் மினாஸ். உருகுவேயில் மலை சூழ்ந்த சின்ன ஊர். அல்ஃபஹோர் என்ற இனிப்புக்குப் பேர் போனது. இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே, பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி வைப்பார்கள். கிட்டத்தட்ட நம் திரட்டுப்பால்தான்.

மொத்த நாட்டிலேயே சுமார் 34 லட்சம் பேர்தான். அங்குள்ள கிளப்புகளுக்குப் பண வசதி குறைவு. நல்ல பையன் ஒருத்தன் தேறினால் வெளிநாட்டுக்கு விற்றுத்தான் காலம் தள்ள வேண்டும். டெஃபென்சர் கிளப்பில் தொடங்கிய அப்ரேயுவும் அப்படித்தான் அர்ஜென்டினா போனார். 1998-ல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா வாங்கியது. பெரிய இடம், ஆனால் ஒட்டவில்லை. அவர்கள் விற்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை, இரவல் கொடுத்தார்கள்! பக்கத்து வீட்டுக்கு இட்லிக் குண்டான் கொடுக்கிற மாதிரி, பிரேசிலுக்கு, மெக்சிகோவுக்கு, அர்ஜென்டினாவுக்கு, உருகுவேக்கு. நான் இதைப் படித்தபோது கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆனால் ஆள் மட்டமில்லை. மெக்சிகோவில் க்ரூஸ் அசுல் கிளப்புக்காக 2002-ல் ஒரே தொடரில் 19 கோல். அந்த நாட்டில் வருஷத்துக்கு இரண்டு சாம்பியன்ஷிப், ஆறு மாதத்தில் ஒன்று முடிந்துவிடும், அதனால் ஆட்களும் சீக்கிரம் மாறுவார்கள். 2006-ல் டொராடோஸ் கிளப்பில் அதிக கோல் அடித்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றார். இருந்தும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அப்போது அங்கே சராசரிப் புள்ளிகளை வைத்து இறக்கினார்களாம். பின்னால் பயிற்சியாளராகப் பேர் வாங்கிய குவார்டியோலா அப்போது அதே அணியில் ஆடியவர்.

2008-லிருந்து 2010 ஜனவரிக்குள் அர்ஜென்டினா, இஸ்ரேல், ஸ்பெயின், கிரீஸ், பிரேசில்! ஹீப்ருவில் ஒரு எழுத்து, கிரேக்கத்தில் ஒரு எழுத்து. நானாக இருந்தால் கடையில் பால் எது, மோர் எது என்று தெரியாமல் அழுதிருப்பேன். தெலுங்கு பேசும் ஊருக்கு மாற்றலானபோதே மளிகைக் கடையில் கையைக் காட்டித்தான் உளுத்தம்பருப்பு வாங்கினேன்.

பிரேசிலில் போட்டாஃபோகோ ரசிகர்கள் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2010 ஏப்ரலில் பரம வைரியான ஃப்ளமெங்கோவுக்கு எதிராக, ரியோ மாநிலப் போட்டியில், இதே கிள்ளு பெனால்டி. அதில் பழகிய கைதான்... கால்தான், ஜோஹன்னஸ்பர்க்கிலும் நடுங்காமல் இருந்திருக்கிறது.

2017 டிசம்பரில் சிலி நாட்டின் ஆடக்ஸ் இத்தாலியானோ, அவருடைய 26-ஆவது கிளப். முந்தைய சாதனை ஜெர்மன் கோல்கீப்பர் பஃபன்ஸ்டீலுடையது, 25. கின்னஸில் பேர் ஏறிய பிறகும் நிற்கவில்லை. 2021 ஜூனில், 44 வயதில் மான்டிவிடியோவின் சுட் அமெரிக்காவில் பூட்ஸைக் கழற்றியபோது கிளப் கணக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. நாடுகள் 11. உருகுவேக்காக 70 ஆட்டம், 26 கோல். கூடுமான இடத்திலெல்லாம் அதே 13-ஆம் நம்பர் சட்டை. ராசியில்லாத நம்பர் என்று வெள்ளைக்காரர்கள் ஒதுக்குவதைத்தான் இவர் கேட்டு வாங்குவாராம்! ஒவ்வொரு புதுவீட்டிலும் முதல் வேலையாக என் அம்மா கொடுத்த பித்தளை விளக்கை ஏற்றி வைப்பேன். அதன் பிறகுதான் அது என் வீடு.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரிம்மா, ஆனா அவர் போனது அவர் இஷ்டம். அவர் பிள்ளைங்க?" என்றான். அதற்கு உடனே பதில் வரவில்லை. அப்ரேயுவின் மகன் டியேகோ மெக்சிகோவில் பிறந்தவர். அவரும் கால்பந்து ஆட்டக்காரர், அப்பா தொடங்கிய அதே டெஃபென்சரில் ஆடியவர். இதைச் சொன்னபோது அவன் தலையை மட்டும் ஆட்டினான். அது அவனுக்குப் பதிலாகவில்லை என்று எனக்கே தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் பேசினேன். பொதுத்தேர்வு முடியும்வரை நாங்கள் இங்கே, அவர் மட்டும் அங்கே ஒரு அறை எடுத்துக்கொள்வார். இரண்டு அடுப்பு எரிய வேண்டும், செலவுதான். அவருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், புளி கரைப்பதே யுத்தம்!

பையன் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மட்டும் கேட்டான்: "அந்த ஊர் ஸ்கூல்ல கிரவுண்ட் இருக்காம்மா?"