பிறப்பிலேயே அரிது, தேய்ந்து அரிது

ரமணரின் குரல் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. இல்லை. அவர் நடப்பதும் அமர்ந்திருப்பதும் படச்சுருளில் இருக்கின்றன; அவற்றில் ஒலி கிடையாது. அவர் திருவண்ணாமலைக்கு வந்தது 1896-ல், மறைந்தது 1950-ல். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் பதிவு இயந்திரம் சென்னைக்கும் வந்துவிட்டது. கிராமபோனின் பொற்காலம் முழுவதும் அவர் இந்த மலையடியில்தான் இருந்தார். ஒரு பிளேட்டு கூட இல்லை.

பதிவே ஆகாத குரலுக்கு விலை கிடையாது. பதிவாகி, அச்சாகி, பிறகு காணாமல் போனவற்றுக்குத்தான் உண்டு. ரமணாசிரமப் பகுதியில் பல நாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அவர்களில் பழைய ரெக்கார்டு தேடுகிற கிறுக்குப் பிடித்தவர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள், நம்மூர்க்காரர்களிலும் இருக்கிறார்கள். இவர்களுடன் பேசியதில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. அரிய தட்டு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒன்று பிறக்கும்போதே அரிது. மற்றது ஆயிரக்கணக்கில் பிறந்து, தேய்ந்து தேய்ந்து அரிதானது.

முதல் வகைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் ஃபிராங்க் வில்சன். 1965-ல் மோடவுன் நிறுவனத்தின் கிளையான ‘சோல்’ என்ற லேபிளுக்காக அவர் ஒரு பாட்டுப் பாடினார். பாடகராக இருப்பதை விடத் தயாரிப்பாளராக இருப்பதே மேல் என்று முடிவெடுத்ததால் தட்டு விற்பனைக்கு வரவில்லை. மாதிரிப் பிரதிகளும் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. நெடுங்காலம் உலகில் இரண்டு பிரதிகளே அறியப்பட்டிருந்தன. 2009-ல் அவற்றில் ஒன்று 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020-ல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டைத் தாண்டியது. அந்தப் பாட்டு 1979-லேயே மறுபதிப்பாக வந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆகவே அந்தப் பணம் பாட்டுக்கானது அல்ல.

வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் அரிய தட்டின் மேலான ஆசை ஒரு இயக்கமாகவே இருந்தது. 1973 முதல் 1981 வரை விகன் நகரின் ‘கசினோ’ நடன அரங்கில் இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். ஆடியது பிரபலமான பாட்டுகளுக்கு அல்ல. அமெரிக்காவில் விற்காமல் போன, யாரும் கேள்விப்படாத, சோல் என்ற இசை வகையின் சிங்கிள்களுக்கு. புதிய பாட்டைக் கண்டெடுத்த டி.ஜே., போட்டிக்காரர் பெயரைப் படித்துவிடக்கூடாது என்று லேபிளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைப்பார். விற்காமல் தோற்ற தட்டுக்கு அங்கேதான் விலை ஏறியது.

நம் கதை இதற்கு நேர் எதிர். நம்மிடம் அரிதானவை தோற்றவை அல்ல, வென்றவை.

78 சுழல் தட்டு எதனால் ஆனது என்று பார்த்தால் காரணம் புரியும். அதன் பெரும்பகுதி பொடித்த கல்மாவு. அதைப் பிணைத்துப் பிடித்திருப்பது அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்கு அரக்கு கொடுத்த முதன்மை நாடு இந்தியா, இன்றைய ஜார்க்கண்ட் காடுகள் அதன் தலைவாசல். இரண்டாம் உலகப்போரில் அந்தச் சரக்கு தடைபட்டபோது அமெரிக்கா 1942-ல் இசைத்தட்டுக்கான அரக்கு ஒதுக்கீட்டைப் பெருமளவு வெட்டியது. நியூயார்க்கில் ஒருவர் புதுப் பாட்டு வாங்க முடியாமல் போனதற்குக் காரணம் சோட்டா நாக்பூரின் ஒரு பூச்சி!

கல்மாவு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. இரும்பு முள் தட்டில் இறங்கியதும் முதல் சில சுற்றுகளிலேயே அந்த மாவு முள்ளைத் தேய்த்து, ஒலி பொறித்த வரியின் வடிவத்துக்கு அதைச் செதுக்கிவிடும். அதனால்தான் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் முள்ளை மாற்ற வேண்டும் என்று விதி. மாற்றாமல் போட்டால் தேய்ந்த முள்ளின் கூர் விளிம்பு அடுத்த தட்டை உழுதுவிடும். குழாய் கிராமபோனின் ஒலிப்பெட்டி முள்ளின் மேல் 100 கிராமுக்கும் அதிகமாக அழுத்தியது. இன்றைய நல்ல பிளேயரில் அந்த எடை 2 கிராம் அளவுதான்.

இப்போது ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மைக்செட்காரர் வந்து தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். 78-க்குப் பின் வந்த 45 சுழல் வினைல் தட்டுகளும் அவர் பெட்டியில்தான் வாழ்ந்தன. ஆடி மாதம் முழுக்க எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, கார்த்திகைக்குச் சீர்காழி, கிருத்திகைக்கு டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு. கனத்த முள், பந்தல் தூசி, வெயில், சாமியானாவின் ஓரத்தில் சொட்டும் மழை. மக்கள் எந்தத் தட்டை அதிகம் கேட்டார்களோ அந்தத் தட்டுதான் முதலில் செத்தது. யாரும் விரும்பாத படத்தின் பாட்டு உறை பிரியாமல் இன்றும் பளபளவென்று கிடைக்கிறது. ஊரே பாடிய பாட்டின் நல்ல பிரதிக்கு அலைய வேண்டியிருக்கிறது. அலைகிறவன் தேடுவது தட்டை அல்ல, தேயாத தட்டை.

தேய்மானத்தைக் கண்ணாலேயே படிக்கலாம். என்னிடம் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்று இருக்கிறது. 1933-ல் இருபத்தேழு வயதிலேயே போய்விட்டவர். உச்சஸ்தாயியில் அவர் நின்றால் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் என்பார்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். புதுத் தட்டு என்றால் விளக்கொளி கூர்மையான விசிறி போலக் கருமையில் ஓடும். இதில் வெளி விளிம்பு அப்படித்தான் இருந்தது. நடுவில் இரண்டு இடங்களில் சாம்பல் நிற வளையம். அங்கே முள்ளை வைத்தால் குரல் மேலே ஏறும்போது இரைச்சலாகக் கிழிகிறது. உச்சஸ்தாயியில் வரியின் நெளிவுகள் நெருக்கமாகவும் ஆழமாகவும் இருக்கும், கனத்த முள் அவற்றைப் பின்தொடர முடியாமல் சுவரை இடித்துப் பொடியாக்கும். அந்த இரண்டு சாம்பல் வளையங்களும் கிட்டப்பா உச்சத்தில் நின்ற இடங்கள்.

லேபிளை நெருங்க நெருங்கச் சாம்பல் கூடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம், சுமார் 250 சுற்று. வரியை நீட்டிப் பிடித்தால் 130 மீட்டரைத் தாண்டும். வெளி விளிம்பில் முள்ளின் கீழே வினாடிக்கு ஒரு மீட்டர் அளவு வரி ஓடுகிறது. உள்ளே லேபிள் அருகே அதில் பாதி கூட இல்லை. அதே ஸ்வரம் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பொறிக்கப்படுவதால் அங்கே தேய்மானம் அதிகம். பல்லவியைக் கேட்டுப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவது இதனால்தான். கடைசி அரை நிமிடத்தைக் கேட்க வேண்டும்.

அடுத்து எண்கள். லேபிளில் அச்சிட்டிருக்கும் எண் கடைக்காரருக்கானது. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்தான் தட்டின் பிறப்புச் சான்று. மெழுகில் பதிவான ஒலியின் மேல் உலோகம் படியவைத்து ஒரு அச்சு, அதிலிருந்து ‘தாய்’, தாயிலிருந்து தட்டை அழுத்தும் அச்சு. பல தட்டுகள் அழுத்தியதும் அந்த அச்சும் மழுங்கும், புதிது செய்வார்கள். லண்டனை ஒட்டிய ஹேய்ஸ் ஆலையில் கிராமபோன் கம்பெனி இதற்கு ஒரு அழகான குறி வைத்திருந்தது. தன் பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து, அவற்றை இலக்கங்களாக்கிக்கொண்டது: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. லேபிளின் வலப்பக்கம் ‘ஜி’ மட்டும் தனியாக இருந்தால் அது முதல் அச்சு. ஒரே பாட்டு, ஒரே லேபிள், ஒரே ஆண்டு. அந்த ஓர் எழுத்தால் விலை மாறுகிறது.

1908-ல் கல்கத்தா ஆலை வரும்வரை நம் பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாயின. அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும். அதனால்தான் பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்லி முடிக்கிறார். அப்படிப் பெயர் சொல்லி முடியும் தட்டு கையில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தலைமுறையின் கோயம்புத்தூர் தாயி பாடிய ஒரு தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜின் காதில் விழுந்து, அவர் ‘ராகமாலிகா’ என்று ஒரு படைப்பே எழுதினார். அன்று பாடகர் கூம்புக்குள் கத்த வேண்டும். 1925-க்குப் பிறகு மைக் வந்ததால்தான் வீணை தனம்மாளின் மெல்லிய மீட்டலை 1932-ல் கொலம்பியா நிறுவனத்தால் பிடிக்க முடிந்தது.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. ‘78’ என்று அழைத்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. சுற்று நிமிடத்துக்கு நாலரை கூடினாலோ குறைந்தாலோ சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும். மேதை ஒருவர் ஆறு கட்டையில் பாடினார் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது தவறான வேகத்தின் விளைவாக இருக்கலாம். பிளேயரின் வேகத்தைச் சரிபார்க்க 77 கோடுகள் வரைந்த தாள் வட்டம் ஒன்று போதும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால் குழல்விளக்கின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 78-க்கு மிக அருகே.

மேலைநாட்டுச் சந்தையில் நிலையைத் தரம் பிரிக்கும் முறை கறாரானது. புதிது போன்றதற்கு முழு விலை. ‘மிக நன்று’ என்றால் கால் பங்கு. ‘நன்று’ என்றால் பத்தில் ஒன்று அல்லது சற்றே கூடுதல். அங்கே ‘நன்று’ என்றால் தேறாது என்றே பொருள். அமெரிக்க சோல் சிங்கிள்கள் பல வினைலில் அல்லாமல் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. எடை குறைவு, தட்டினால் ஓசை வேறு, சில டஜன் முறை மோசமான முள்ளில் ஓடினாலே தொடக்கம் கரகரக்கும். கள்ளப் பதிப்பைப் பிடிப்பதும் காதால்தான்: தட்டிலிருந்து தட்டு எடுத்திருந்தால் மூலத் தட்டின் சொடுக்குகளும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

இரண்டு வகை அரிதும் ஒரே பொருளில் சந்திக்கும் இடம் ஒன்று இந்தியாவில் உண்டு. உலகம் 45-க்கு மாறிய பிறகும் கல்கத்தாவின் டம்டம் ஆலை 78 தட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி முடுக்கும் கிராமபோன்தான் ஓடியது. அதனால் 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகள் இங்கே அரக்குத் தட்டில் வந்தன. குறைவாக அச்சானவை, அதிலும் இரும்பு முள்ளுக்குத் தப்பியவை இன்னும் குறைவு. இன்று அவற்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் தருகிறார்கள்.

தமிழ்த் தட்டுக்கு அப்படி விலை இல்லை என்பதால் அது குப்பை ஆகிவிடாது. சென்னையின் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்தது விலைக்காக அல்ல. 1990-ல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும் தட்டுகளின் எண்களைப் பட்டியலிடுவதைத் தன் வேலையாகவே கொண்டது. என் கணக்கில், இணையத்தில் எங்கும் இல்லாத ஒரு நாடக மேடைப் பாட்டின் கீறல் விழுந்த பிரதி, ஃபிராங்க் வில்சனை விட மேல். அது போனால் குரலே போகிறது.

பரணில் பழைய பெட்டி இருந்தால் மே மாதத்துக்கு முன் இறக்கிவிடுங்கள். கல்மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் திருப்பித் தரும் ஊர் இது. ஓட்டுக்கூரையின் கீழ் வினைல் வளையும், அரக்கு இளகும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். தச்சர் பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான், தட்டின் வரியும் அதேபோல் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் போதும். முள்ளை இறக்கும் முன் லேபிளையும், உள்வளையத்தில் பொறித்த எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.