பத்து முளைப் பந்துருட்டல்: கருவி விதிகளும் திறனும்

பத்து முளைப் பந்துருட்டல் என்பது நீண்ட தடம் ஒன்றில் பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்டுள்ள பத்து முளைகளை வீழ்த்தும் விளையாட்டு ஆகும். இது பொதுவாக பௌலிங் என்றே அறியப்படுகிறது. பந்து, முளை, தடம் ஆகிய மூன்றின் அளவுகளும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. வெற்றியைப் பந்தின் தொழில்நுட்பம் அன்றி ஆட்டக்காரரின் திறனே தீர்மானிக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் அடிப்படை நோக்கமாகும்.

வரலாறு

1895 ஆம் ஆண்டு நியூயார்க்கில் அமெரிக்கப் பந்துருட்டல் பேராயம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் பந்தின் எடையும் தடத்தின் அளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. பேராயம் அவற்றைச் சீராக்கியது. 2005 இல் இவ்வமைப்பு வேறு அமைப்புகளுடன் இணைந்து ஐக்கிய அமெரிக்கப் பந்துருட்டல் பேராயம் ஆனது. கீழே தரப்படும் விதிகள் இப்பேராயத்தினுடையவை.

தடமும் முளைகளும்

தவறு கோட்டில் இருந்து முதல் முளை வரையுள்ள தொலைவு 60 அடி (18.29 மீட்டர்). தடத்தின் அகலம் ஏறத்தாழ 41.5 அங்குலம். ஒவ்வொரு முளையும் 15 அங்குல உயரமும், பருத்த பகுதியில் ஏறத்தாழ 4.75 அங்குல விட்டமும் கொண்டது. பந்தை விடும்போது ஆட்டக்காரர் தவறு கோட்டைத் தாண்டினால் அவ்வீச்சுக்குப் புள்ளிகள் கிடைப்பதில்லை.

பந்து

பந்தின் எடை 16 பவுண்டுக்கு (7.26 கிலோகிராம்) மேற்படக் கூடாது. குறைந்தபட்ச எடை எதுவும் விதிக்கப்படவில்லை. விட்டம் 8.5 அங்குலத்துக்கும் 8.595 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் மரப் பந்துகள் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பந்துகளும், பின்னர் பாலியெசுத்தர், யூரித்தேன் பந்துகளும் வந்தன. 1990களின் தொடக்கத்தில் வந்த வினைத்திறன் பிசின் பந்துகள் தடத்தை இறுகப் பற்றி, கூடுதலாக வளைந்து சென்றன.

மென்மையான பந்து தடத்தை நன்கு பற்றும். 1973 இல் அமெரிக்க ஆட்டக்காரர் தான் மெக்கியூன் வேதிப்பொருளில் ஊறவைத்து மென்மையாக்கிய பந்தைப் பயன்படுத்தி, அவ்வாண்டில் ஆறு தொழில்முறைப் பட்டங்களை வென்றார். அப்போது அதைத் தடுக்கும் விதி இல்லை. இதன் விளைவாகவே பந்தின் கடினத்தன்மைக்குக் கீழெல்லை விதிக்கப்பட்டது.

பந்தின் உட்கருவுக்கும் வரம்பு உண்டு. உட்கருவின் வடிவம் பந்து உருளும்போது அதன் சுழல் அச்சை இடம்பெயரச் செய்து வளைவைக் கூட்டுகிறது. 2016 இல் இவ்வரம்பை மீறிய இரு பந்து வகைகளுக்கு அளிக்கப்பட்டிருந்த ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. விரல் துளைகளைத் தவிர, எடையைச் சரிசெய்யக் கூடுதல் துளை இடும் வழக்கம் 2020 ஆகத்து 1 முதல் தடை செய்யப்பட்டது. போட்டி நடக்கும்போது பந்தின் மேற்பரப்பைத் தேய்த்து மாற்றுவதற்கும் அனுமதியில்லை.

வளைவின் பயன்

நேராகச் செல்லும் பந்து தடத்தின் ஓரத்தில் இருந்து வந்தாலும் முளைகளை ஏறத்தாழ 2 பாகை கோணத்திலேயே அடைய முடியும். வளைந்து வரும் பந்து ஏறத்தாழ 6 பாகை கோணத்தில் நுழையலாம். பத்தையும் வீழ்த்த இக்கோணம் மிகவும் ஏற்றது. வலக்கை ஆட்டக்காரரின் செம்மையான வீச்சில் பந்து 1, 3, 5, 9 ஆகிய நான்கு முளைகளை மட்டுமே தொடும். மற்ற ஆறையும் முளைகளே வீழ்த்துகின்றன.

எண்ணெயும் திறனும்

தடத்தின் மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்படுகிறது. இது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பொழுதுபோக்குக் கூடங்களில் நடுவில் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவர். ஓரம் நோக்கி விலகிய பந்து அங்கு பிடிப்புப் பெற்று உள்ளே திரும்பும். நடுவே சென்ற பந்து வழுக்கியபடி நேராகச் செல்லும். எனவே ஆட்டக்காரரின் பிழையைத் தடமே ஓரளவு திருத்திவிடுகிறது. பெரும் போட்டிகளில் எண்ணெய் ஏறத்தாழச் சீராகப் பரப்பப்படுவதால் இவ்வுதவி குறைகிறது. மேலும், ஆட்டம் தொடரத் தொடரப் பந்துகள் எண்ணெயை உறிஞ்சி இடம்மாற்றுகின்றன. இம்மாற்றத்தைப் பந்தின் போக்கில் இருந்து உணர்ந்து, நிற்கும் இடம், இலக்கு, வேகம் ஆகியவற்றை மாற்றிக்கொள்வது தேர்ந்த ஆட்டக்காரரின் அடையாளமாகும்.

கருவி வளர்ச்சியின் தாக்கம்

ஓர் ஆட்டத்தின் உச்சப் புள்ளி 300. இதற்குத் தொடர்ந்து 12 வீச்சுகளில் பத்து முளைகளும் விழ வேண்டும். அமெரிக்காவில் 1968-69 பருவத்தில் ஏறத்தாழ 900 ஆக இருந்த அங்கீகரிக்கப்பட்ட 300 புள்ளி ஆட்டங்கள், 1998-99 இல் 34,000க்கும் மேலாயின. புதிய பந்துகளும் எண்ணெய் பூசும் முறைகளும் இதற்கு முக்கிய காரணங்கள். அண்மைய கட்டுப்பாடுகளின் பின்னணியும் இதுவே.

எனினும் எஞ்சிய முளைகளை இரண்டாம் வீச்சில் வீழ்த்துவதற்கு நவீனப் பந்தின் வளைவு பெரிதும் உதவுவதில்லை. பலர் அதற்கு நேராகச் செல்லும் பாலியெசுத்தர் பந்தையே நாடுகின்றனர். முதல் வீச்சில் ஒருமுறைகூடப் பத்தையும் வீழ்த்தாமல், ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பதை வீழ்த்தி எஞ்சிய ஒன்றையும் தவறாது வீழ்த்துபவர் 190 புள்ளிகள் வரை பெறலாம். எஞ்சியதை ஒவ்வொரு முறையும் தவறவிடுபவருக்குக் கிடைப்பது 90 மட்டுமே. இடைப்பட்ட 100 புள்ளிகளும் குறி தவறாமையால் கிடைப்பவை.