வோல்டேஜுக்கும் கணக்கு வேண்டும்

சென்னை மந்தைவெளியில் தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறி வெகுகாலம் ஆகிறது. ஒரு குடும்பம் இருந்த மனையில் இன்று எட்டுக் குடும்பங்கள், வீட்டுக்கு இரண்டு ஏசி. கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்கு அத்தனை ஏசியும் சேர்ந்து ஓடும்போது கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் திணறுகின்றன, வோல்டேஜ் இறங்குகிறது. நாமும் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். சரியான அழுத்தத்தில் மின்சாரம் தர வேண்டியது மின் பகிர்மானக் கழகத்தின் சட்டக் கடமை என்பதை மறந்தேபோகிறோம்.

வீட்டு இணைப்பில் அழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்த அளவு. 240 வோல்ட் என்று கொண்டால் ஏறத்தாழ 226 முதல் 254 வரை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த தரத்தைக் காக்கத் தவறும் நிறுவனம் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது.

ஆனால் கேட்கப் போனால் ஆதாரம் வேண்டும். இரவு பத்து மணிக்கு 190-க்கு இறங்கிய வோல்டேஜ், ஊழியர் வந்து பார்க்கும் காலை பதினொரு மணிக்கு 235 காட்டும். புகார் அதோடு முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் ஏசி கம்ப்ரசர் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறி, அதன் காயில் பாழாகியிருக்கலாம். அதற்குச் சாட்சி யாருமில்லை. அதனால்தான் மின்சாரத்தின் தரத்தை இடைவிடாமல் அளந்து பதிய வேண்டும் என்கிறேன்.

அப்படி அளப்பது புதிதல்ல. உலகத் தர அளவின்படி செய்யப்பட்ட தரப்பகுப்பாய்வுக் கருவி ஒரு நொடிக்கு ஐந்து முறை கணக்கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத நொடிப்பொழுது இறக்கங்களையும் பிடிக்கும். லிஃப்ட் நிற்பதற்கும் கணினி அணைவதற்கும் அவையே போதும். எளிய வழியும் உண்டு. புனேவின் பிரயாஸ் அமைப்பு, பிளக்கில் செருகும் சிறு கருவிகளைப் பல மாநில வீடுகளில் வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் வோல்டேஜைப் பதிந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அரசு சொல்லும் கணக்கோடு மக்கள் தங்கள் தெருவின் கணக்கை ஒப்பிட முடிந்தது. என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று.

தியாகராய நகரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. இந்தியத் தரப்படி செய்யப்பட்ட ஸ்மார்ட் மீட்டர் யூனிட்டை மட்டும் எண்ணுவதில்லை; சராசரி வோல்டேஜையும், அளவு மீறி ஏறி இறங்கிய நேரங்களையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆதாரம் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கும். அதை நுகர்வோர் கையில் கொடுக்க வேண்டும் என்று உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது.

லோ வோல்டேஜை விடக் கொடியது நியூட்ரல் அறுந்துபோவது. மும்முனை மின்சாரத்தில் நியூட்ரல் துண்டிக்கப்பட்டால், சுமை குறைவாக உள்ள வீடுகளுக்கு 400 வோல்ட் வரைகூடப் பாயலாம். ஒரு அறையில் விளக்கு கண்கூசும்படி எரிந்து, இன்னொரு அறையில் மங்கினால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மெயினை அணையுங்கள். தெருவிலுள்ள மின் பில்லர் பாக்ஸைத் தொடவே வேண்டாம், மழைக்காலத்தில் அதன் அருகேகூடப் போகாதீர்கள். வோல்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்வது நல்லது.

புகாரை மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். வோல்டேஜ் காட்டும் சிறு மீட்டர் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தேதி, நேரம், அளவு மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். மாடி வீட்டாரும் எதிர்வீட்டாரும் அதே நேரத்தில் எடுத்தால் புகார் இன்னும் வலுப்பெறும். கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில் இல்லை என்பதற்கும் அதுவே சான்று.

பிரிவு அலுவலகம் அசையவில்லையா? மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் கிண்டியிலுள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மன்றத்தைத் தாண்டி நேரே அவரிடம் போக முடியாது. மின்வினியோகமும் சேவைதான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது.

இதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் திறன் எவ்வளவு, மே மாத இரவுகளில் அதன்மேல் ஏறிய சுமை எவ்வளவு, கடைசியாக எப்போது பராமரிக்கப்பட்டது என்று கேளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், உங்கள் இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு அதன் வோல்டேஜ் பதிவின் நகலையும் கேளுங்கள்.